பிழை தீர்ந்த பின்னும் பழி தொடரலாமா?

(ஜெயமங்கலத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வராக நதி பாயும் இவ்வூருக்கு வரும்போதெல்லாம் சாலையையும் குடிநீரையும் பற்றிப் பேசிச் செல்வது என் வழக்கம். இன்று ஒரு தாயின் கவலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

சென்ற மாதம் இவ்வட்டாரத்து அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய மகன் பதினாறாம் வயதில், கூட்டாளிகளோடு சேர்ந்து கிணற்று மோட்டாரைத் திருடிப் பிடிபட்டவன். இளைஞர் நீதிக் குழுமம் அவனை ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் பெற்றோரிடமே ஒப்படைத்தது. அவ்வாண்டைக் குறைவின்றிக் கழித்தான், தொழிற்பயிற்சியும் முடித்தான். ஆயினும், “போலீஸ் சான்று கேட்பார்களே” என்று அஞ்சி, எவ்வேலைக்கும் மனுச் செய்யாமல் வீட்டில் முடங்கிக் கிடக்கிறான்.

இவ்வச்சம் வேண்டுவதில்லை. சிறார்க்கெனத் தனிச் சட்டத்தை 1920ஆம் ஆண்டிலேயே இயற்றியது நம் சென்னை மாகாணம். இன்று நடைமுறையிலுள்ள 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், புதுவாழ்வு தொடங்குவதைச் சிறாரின் உரிமையாகவே கொள்கிறது. அதன் 24ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குள் செய்த குற்றத்திற்கான தீர்ப்பினால் எத்தகுதிக் குறைவும் நேராது. மேல்முறையீட்டுக் காலமோ, விதிகள் குறித்த காலமோ கழிந்தபின் அதற்குரிய பதிவேடுகளை அழித்துவிட வேண்டும். முடிந்துபோன அவ்வழக்கை நன்னடத்தைச் சான்றிற்காகக் காவல்துறை வெளியிடலாகாது என்பது 74ஆம் பிரிவு. பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் கொடுங்குற்றம் புரிந்து, சிறார் நீதிமன்றத்தில் வயது வந்தோராகவே விசாரிக்கப்பெற்றுத் தீர்ப்படைந்தால் மட்டுமே இச்சலுகை இல்லை.

சிறுவயது வழக்கைக் காரணங்காட்டி, மத்தியப் பாதுகாப்புப் படையில் சார்பு ஆய்வாளர் பணிக்குத் தேர்வான ஒருவருக்கு வேலை மறுத்தது செல்லாது என 2019ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்துள்ளது.

பெற்றோர் செய்ய வேண்டுவன சில. குழுமத்தின் ஆணை நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். பதிவேடு அழிக்கப்படவில்லையெனத் தெரிந்தால் குழுமத்திற்கே மனுச் செய்யுங்கள். வேலை மனுவில் பழைய வழக்கைப் பற்றிக் கேள்வியிருப்பின், தாமாக எதையும் எழுதிவிடாமல், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் யோசனையைப் பெறுங்கள். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் சட்ட உதவி கேட்கலாம். ஆணைக்குழுவில் பெண்களுக்கும் சிறார்க்கும் வழக்கறிஞர் உதவி இலவசம்.

அரசாங்கம் காகிதத்தை அழித்துவிடும். ஊரார் நாவிலுள்ள பதிவேட்டை யார் அழிப்பது? டீக்கடையிலும் களத்துமேட்டிலும் “அந்தத் திருட்டுப் பயல்” என்று நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும், நீதிபதி விடுவித்தவனுக்கு நாம் விதிக்கும் புதுத் தண்டனையன்றோ? களை நீக்கிய வயலை எவரும் தரிசென்று ஒதுக்குவதில்லை.

அவ்விளைஞன் சென்ற வாரம் ஆணை நகலுடன் என்னிடம் வந்து, சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி கேட்டுச் சென்றான். அவன் வேலை பெற்றுத் திரும்பும் நாளில், பழையதைக் கிளறாத ஊராக நாம் அவனை வரவேற்போமாக.