செம்பை வடிவமைத்தவர் யார்?
(சங்க வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



‘கல்வியும் வேலைவாய்ப்பும்’ என்னும் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். தேர்வாணையத் தேர்வுகளைப் பற்றி எனக்கு முன் பேசிய வழக்கறிஞர் நண்பர் விரிவாக எடுத்துரைத்துவிட்டார். ஆதலின் நான் எனக்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நம் இரவுப் பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி இன்று குஜராத் மாநிலத்து அகமதாபாத் நகரில், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் துணி வடிவமைப்புப் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவாள். அவள் தாயார் ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் ஷூ அப்பர் தைப்பவர். கைப்பேசியில் இரண்டு வரி தட்டி அனுப்பும் இக்காலத்தில், சென்ற மாதம் அவள் எனக்குப் பதினொரு பக்கம் கைப்பட எழுதியிருந்தாள். ஓரங்களிலெல்லாம் படங்கள். பதினொரு பக்கமும் அந்த நகரத்தின் புகழே!

சபர்மதி ஆற்றங்கரையில் ஞாயிறுதோறும் கூடும் குஜரி என்னும் பழஞ்சந்தையில் உடைந்த பூட்டு, பழைய அச்சுக்கட்டை, மரக் கதவின் துண்டு முதலியவற்றை விலை பேசி வாங்கி வந்து, விடுதி அறையில் வரிசையாக வைத்து வரைகிறார்களாம். பழைய நகரத்துக்குள் ‘போல்’ என வழங்கும் குறுந்தெருக்களில் செதுக்கு வேலை நிறைந்த மரவீடுகள் உள்ளன. 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபு நகரமாக ஏற்ற முதல் இந்திய நகரம் அதுவே. ஆற்றின் இக்கரையில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே 1954இல் முடித்த ஆலை அதிபர் சங்கக் கட்டடம்; சற்றுத் தொலைவில் அமெரிக்கரான லூயி கான் எழுப்பிய செங்கல் வளாகம். தை முதல் நாளில் நாம் பொங்கல் வைக்கும்போது அங்கே மொட்டை மாடியெல்லாம் காற்றாடி. “ஐயா, இங்கே வந்த பிறகு என் கண் வேறு கண்ணாகிவிட்டது. தேநீர்க் கடையில் கோப்பை அடுக்கியிருப்பதைக்கூட நின்று பார்க்கிறேன்” என்று எழுதியிருக்கிறாள்.

படித்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். காரணத்தை இந்த அவையில் மறைக்க விரும்பவில்லை. நம் சங்கத்தின் உதவித்தொகை மருத்துவம், பொறியியல், சட்டம், ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றுக்கே உரியது என்பது பழைய விதி. மூன்றாண்டுகளுக்கு முன் இப்பெண்ணின் விண்ணப்பம் வந்தபோது, “படம் போட்டுப் பிழைக்க முடியுமா? நம் பிள்ளைகளுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு?” என்று குழுவில் கேட்டவன் நான்தான். விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. தாயின் நகையை அடகு வைத்தும் வங்கிக் கடன் பெற்றும் அவள் சென்றாள். எழுத்துத் தேர்வு ஒன்று, நேரில் பொருள்களைச் செய்து காட்டும் தேர்வு ஒன்று என இரு கட்டங்களைத் தாண்டிச் சென்றவள் அவள். அதற்கு நான் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான்.

அவள் பயிலும் நிறுவனம் எவ்வாறு பிறந்தது என்பதைப் பின்னர்தான் தேடிப் படித்தேன். இந்திய அரசின் அழைப்பின்பேரில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து 1958இல் ஓர் அறிக்கை அளித்தனர். அதைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் இந்நிறுவனம் அமைந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் மிக வியந்து போற்றிய பொருள் எது தெரியுமா? கோயிலுமன்று, அரண்மனையுமன்று, நம் வீட்டுச் செம்பு! அது எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பிலும் தலையிலும் எப்படி அமரும், ஊற்றும்போது எப்படி வழியும், புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கினால் எப்படி மின்னும் என்றெல்லாம் ஆராய்ந்து, இதைத் தனியொருவர் வடிவமைத்ததில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து உருவாக்கினர் என்ற கருத்தை எழுதிவைத்தனர்.

அழகான கருத்துத்தான். ஆனால் செம்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது வேறொன்று. நான் ஆறாம் வகுப்புப் படித்த நாளில் அறுவடைக் களத்தில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், செம்பை உயரத் தூக்கிப் பிடித்து ஊற்றுவார்கள். நாம் குனிந்து இரு கையையும் குவித்து ஏந்திக் குடிக்க வேண்டும். செம்பின் விளிம்பு நம் கையில் பட்டுவிடாத உயரம் எது என்பது ஊற்றுபவருக்கு அளவெடுத்தாற்போல் தெரியும். அதுவும் தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து உருவாக்கிய வடிவமைப்பே அன்றோ! வெளிநாட்டு விருந்தினர் அதைக் காணவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை; காட்டியவர்கள் காட்டவில்லை.

அந்நகரத்திலும் இதே நீரின் கதை உண்டு. வடிவமைப்பு நிறுவனம் இருக்கும் பால்டிப் பகுதியை ஒட்டிய கோச்ரபில்தான் காந்தியடிகள் 1915இல் இந்தியாவில் தம் முதல் ஆசிரமத்தைத் தொடங்கினார். (அவரோடு நமக்குள்ள கருத்து மாறுபாடு பெரிது, இன்று அதைப் பேச நேரமில்லை.) பம்பாயில் ஆசிரியராயிருந்த தூதாபாய் என்னும் தாழ்த்தப்பட்டவர் மனைவி தானிபென்னோடும் குழந்தை இலட்சுமியோடும் அங்கே வந்து சேர்ந்தார். உடனே கிணற்றில் சண்டை. அவர்கள் வாளியின் நீர்த்துளி தன்மேல் பட்டால் தீட்டு என்று இறைவைக்காரன் வசை பாடினான். நன்கொடைகள் நின்றன. அப்போது ஒரு செல்வர் காரில் வந்து 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் என்பர். அவருடைய மக்கள் கௌதம், கீரா இருவருமே பிற்காலத்தில் இந்த வடிவமைப்பு நிறுவனம் அமைய முன்னின்று உழைத்தவர்கள்.

ஆலைகளுக்குள்ளேயோ வேறு வழக்கம் நிலவியது. வான்கர் எனப்படும் குஜராத்தின் தாழ்த்தப்பட்ட மக்கள் பரம்பரை நெசவாளர்கள். தறியே அவர்கள் தொழில். ஆயினும் அகமதாபாத் ஆலைகளில் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் நூற்புப் பிரிவே. நல்ல கூலி தரும் நெசவுப் பிரிவின் கதவு அடைபட்டிருந்தது. ஏன்? அந்நாளில் தார் தீர்ந்தால் புதுத் தாரை நாடாவில் பொருத்தி, நூல் முனையை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். நம்மவர் வாய் பட்ட நாடாவில் மற்றவர் வாய் வைப்பதா? இவ்வளவுதான் காரணம். பம்பாய் ஆலைகளிலும் இதே நிலைதான். அண்ணல் அம்பேத்கர் இதைக் கண்டித்துப் பேசியிருக்கிறார். நெய்யத் தெரிந்தவனை நெசவறைக்கு வெளியே நிறுத்திய நகரத்தில்தான் இன்று நம் பெண் துணி வடிவமைப்புப் படிக்கிறாள். 1980களிலும் 1990களிலும் அந்த ஆலைகளிற் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன.

அவள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது எட்டாம் பக்கம். அந்நகரில் வாஸ்னா என்னும் பகுதியில் ‘மாதா நீ பச்சேடி’ எழுதும் குடும்பங்கள் வாழ்கின்றன. கோயிலுக்குள் நுழைய விடப்படாத தேவிபூஜக் மக்கள், துணியிலேயே தேவியின் உருவத்தை நடுவே எழுதிச் சுற்றிலும் அடியார்களை வரைந்து, அத்துணிகளைத் தொங்கவிட்டுத் தங்களுக்கென்று கோயில் அமைத்துக்கொண்டனர். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் ஊறவைத்துக் கறுப்பு எடுக்கிறார்கள். சிவப்புக்குப் படிகாரம் தடவிச் சாயத்தில் கொதிக்க வைக்கிறார்கள். ஓடும் ஆற்று நீரில் அலசுகிறார்கள். இன்று அத்துணிகள் அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. அவள் ஒரு முதியவரிடம் மூங்கில் குச்சியால் கோடிழுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். “ஐயா, கோயிலுக்குள் விடாததால் இக்கலை பிறந்தது என்று வகுப்பில் ஒருவர் பாராட்டிச் சொன்னார். விட்டிருந்தால் அவர்கள் இன்னும் என்னென்ன செய்திருப்பார்களோ என்று நான் கேட்டேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாயிற்று” என்று எழுதியிருக்கிறாள்.

இளைஞர்களே, அந்தப் பெண் நகரத்தைக் கண்டு மயங்கிவிட்டாள் என்று நான் முதலில் எண்ணினேன். மயக்கமும் இருக்கத்தான் செய்கிறது. இருபது வயதில் இராவிட்டால் எப்போது இருக்கும்? ஆனால் அவள் கண் திறந்திருக்கிறது. விடுமுறைக்கு வந்தபோது தாயாரிடம் ஷூ அப்பரின் வெட்டுத் துண்டுகளை வாங்கி மேசைமேல் பரப்பி, “இந்தக் கோட்டை யார் போட்டது அம்மா?” என்று கேட்டாளாம். “வெளிநாட்டிலிருந்து வரும், நாங்கள் கோட்டின்மேல் தைப்போம்” என்றாராம் தாயார். இந்த வட்டாரத்தில் எத்தனை ஆயிரம் பெண்கள் அந்தக் கோட்டின்மேல் தைக்கிறார்கள்! கோடு போடும் மேசைக்கு நம் வீட்டிலிருந்து ஒருத்தி செல்வதற்குத்தான் நான் ஆடம்பரம் என்று பெயர் சூட்டினேன்.

அடுத்த மாதப் பொதுக்குழுவில் உதவித்தொகை விதியைத் திருத்தி, வடிவமைப்பு, நுண்கலை, கட்டடக் கலை ஆகிய படிப்புகளையும் சேர்க்கத் தீர்மானம் கொண்டுவருகிறேன். முன்பு எதிர்த்தவனே முன்மொழிவதால் சிலருக்கு நகைப்பாக இருக்கலாம், இருக்கட்டும். இதனால் மருத்துவம் படிக்கும் பிள்ளைக்குக் குறையுமோ என்று பொருளாளர் கவலைப்படுகிறார். அவர் கவலை நியாயமானதே. ஆகவே முதலாண்டு ஒருவருக்கு மட்டும் என்று கேட்கிறேன்.

கோடை விடுமுறையில் அந்தப் பெண் பத்து நாள் நம் இரவுப் பள்ளியில் ஓவிய வகுப்பு நடத்த இசைந்திருக்கிறாள். முப்பது பிள்ளைகளுக்குத் தாள், தூரிகை, வண்ணம் வேண்டும். அவள் கையால் எழுதிய பட்டியல் இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாயிலருகே நிற்பேன். இயன்றவர்கள் வந்து பார்க்கலாம்.