மதில்களுக்குள் தெரு வேண்டும்

புறநகர் வணிகப் பூங்காக்களைப் பொதுப் போக்குவரத்தின் துணையோடு மறுசீரமைப்பது பற்றிய இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்க அழைத்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி. விரிந்த பொருள் இது. நான் பழைய மாமல்லபுரம் சாலையை, அதாவது ஓ.எம்.ஆரை, முன்வைத்தே பேச விரும்புகிறேன்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அதன் மூன்றாம் வழித்தடம் மாதவரத்தில் தொடங்கி, ஓ.எம்.ஆர். வழியாகச் சிறுசேரி சிப்காட்டை அடைகிறது. கம்பெனி பஸ்ஸையும் கேபையும் சேர் ஆட்டோவையும் நம்பி வளர்ந்த சாலைக்கு ரயில் வருகிறது. ரயில் வந்தால் எல்லாம் தானே மாறிவிடும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. காரணம், நாம் இதை ஒருமுறை பார்த்துவிட்டோம்.

டைடல் பார்க் ஐ.டி. வளாகம் 2000-இல் திறக்கப்பட்டது. பறக்கும் ரயில் 2004-இல் திருவான்மியூருக்கும் 2007-இல் வேளச்சேரிக்கும் வந்தது. திருவான்மியூர் நிலையம் டைடலுக்கு எதிர்ப்புறம்தான். இவ்வளவு நெருக்கமான அமைப்பு எந்த நகரத்துக்கும் எளிதில் வாய்க்காது. ஆனால் அந்தப் பாதையின் பெரும் நிலையக் கட்டடங்களில் வணிகத்துக்கென விடப்பட்ட தளங்கள் பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தன. நிலையத்தை ஒரு துறை கட்டியது, நிலத்தை இன்னொரு துறை ஆண்டது, சாலை மூன்றாவது துறையிடம் இருந்தது. நிலையத்துக்கு வெளியே நடப்பவர் எவர் பொறுப்பிலும் இல்லை.

ஓ.எம்.ஆரில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது. இங்குள்ள ஐ.டி. வளாகங்கள் மதிலும் காவல் வாயிலும் கொண்டவை. ஒரு வளாகம் பக்கத்துக்கு 500 மீட்டர் என்று வையுங்கள். முன்வாசலில் இருக்கும் நிலையத்துக்கு வளாகத்தின் பின்னால் குடியிருப்பவர் நேரே வந்தால் ஆறேழு நிமிடம். மதிலைச் சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டர். வரைபடத்தில் நிலையத்தைச் சுற்றி அரைக் கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் தளப் பரப்புக் குறியீட்டை உயர்த்துவதை நிலையப் பகுதித் திட்டம் என்கிறோம். மே மாத வெயிலில் நடப்பவருக்கு அந்த வட்டம் எந்த வகையிலும் உதவாது. அவருக்கு வேண்டியது குறுக்குத் தெரு, நிழல், நடைபாதை, சாலையைக் கடக்க ஓர் இடம்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டைசன்ஸ் என்ற வணிகப் புறநகர் உண்டு. அங்கே லட்சம் பேர் வேலை செய்தார்கள்; குடியிருந்தவர்கள் ஏறத்தாழ 17,000 பேர்தான். ரயில் ஓடியது 2014-இல். அதற்கு முன்பே, 2010-இல், ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டி புதிய திட்டத்தை ஏற்றது: பெரும் மனைகளை ஊடறுத்துத் தெருக்கள், நிலையத்தருகே வாகன நிறுத்தத்துக்கு உச்சவரம்பு, 2050-க்குள் லட்சம் குடியிருப்போர். அகலச் சாலைகளை நடந்து கடப்பது அங்கே இன்றும் எளிதாகிவிடவில்லை. எனினும் ரயிலுக்கு முன் தெருவை எழுதிவைத்த அந்த வரிசைமுறை நமக்குப் பாடம்.

நம் சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையை மேம்படுத்துவோர் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். பூங்காவுக்கு நிலம் கேட்கும் அரசு தெருவுக்கும் கேட்கலாம். உயர்மாடிக் கட்டடத்துக்குத் தளப் பரப்புக் குறியீடு 3.25, அதற்கு மேலும் பிரீமியம் கட்டி வாங்கலாம். மெட்ரோ நிலையத்தருகே அந்தக் கூடுதல் பரப்பைப் பணத்துக்கு மட்டும் விற்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. வளாகத்தின் குறுக்கே இரவு பகலாகத் திறந்திருக்கும் ஒரு பொதுத் தெருவை விலையாகக் கேட்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. இச்சாலை பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே ஓடுகிறது. ஒக்கியம் மடுவு வழியாகவே சதுப்பின் நீர் கால்வாயை அடைகிறது. 2015 வெள்ளத்தை இங்குள்ளோர் மறக்கவில்லை. 2022-இல் ராம்சர் தகுதி பெற்ற அந்தச் சதுப்பின் ஓரத்தில் புது நிலம் தேடுவது அடாத செயல். வளர்ச்சியெல்லாம் வளாகங்களின் கார் நிறுத்தத் திடல்களில் நடக்கட்டும்.

மற்றது இச்சாலையை ஒட்டியுள்ள கண்ணகி நகர். நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அவர்களில் பலர்தாம் இந்த அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறார்கள், கேன்டீனில் சமைக்கிறார்கள், வாயிலில் காவல் நிற்கிறார்கள். நிலையத்தால் நில விலை உயர்ந்து அவர்கள் இரண்டாம் முறை துரத்தப்பட்டால், நம் திட்டம் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் அது அநீதி. மறுசீரமைக்கும் ஒவ்வொரு வளாகத்திலும் அவர்கள் வாடகை கொடுத்துக் குடியிருக்கக்கூடிய வீடுகள் கட்டாயமாக வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துரைப்பாக்கத்திலோ சோழிங்கநல்லூரிலோ ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். அதைச் சுற்றியுள்ள வீடுகளிலிருந்து உண்மையான நடைத் தொலைவை அளந்து, எந்த மதில் எத்தனை நிமிடத்தைத் தின்கிறது என்று வரைபடமாக்குங்கள். நிலையங்கள் திறக்கும் முன் அதைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் மேசையில் வையுங்கள். இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.