பாடக்குறிப்பு எழுதும் முறை
(கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

மாலை வகுப்புகளில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல முன்வந்துள்ள இளைஞர்களே!

நடத்தப்போகும் பாடத்தை முன்கூட்டியே சிந்தித்து எழுதிக்கொள்வது பாடக்குறிப்பு. ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் காட்டும் ஏடு அது என்று கருதும் ஆசிரியர்களும் உளர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் விட்டது வீட்டில் கிடைத்துவிடும். முதல் தலைமுறையாக ஏடு தொடும் நம் பிள்ளைக்கோ வகுப்பின் நாற்பது நிமிடமே எல்லாம். அது வீணாயின் ஈடு செய்வார் இலர்.

1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் நம் மக்களின் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். மனப்பாடமே கல்வி என்றிருந்த நாளில், பொருள்களைக் கையாளச் செய்து கற்பிக்கும் கிண்டர்கார்ட்டன் முறை அவர் நிறுவிய பள்ளிகளில் பின்பற்றப்பட்டது. திட்டமிட்டுக் கற்பித்தல் நமக்குப் புதிதன்று.

ஆசிரியப் பயிற்சியில் ஹெர்பார்ட் வழியினரின் ஐந்து படிகளை ஒப்பிக்கச் செய்வர். அவற்றுள் முதற்படியாகிய ஆயத்தமே, அதாவது பிள்ளை அறிந்ததிலிருந்து தொடங்குவதே, நமக்கு உயிர்நாடி.

ஐந்தாம் வகுப்பில் கால அளவைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். 'காலம் பற்றிக் கற்பித்தல்' என்பது குறிக்கோளாகாது. 'நள்ளிரவைக் கடக்கும் கால இடைவெளியை மாணவர் கணக்கிடுவர்' என எழுதினால்தான், பாடம் முடிந்தபின் நிறைவேறியதா இல்லையா என்று சொல்ல இயலும். ஒரு பாடத்திற்கு ஒரு குறிக்கோள் போதும்.

தொடக்க வினாவைத் தேடி அலைய வேண்டா. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டிற்கும் ஒரகடத்திற்கும் ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்தை அறியாத பிள்ளை நம் தெருவில் இல்லை. அக்காள் இரவு 10 மணிக்கு ஷிப்டு ஏறி, காலை 6 மணிக்கு இறங்கினால் எத்தனை மணி நேரம் உழைத்தாள்?

பத்தில் ஆறு போக நான்கு என்று சிலர் சொல்வர். இப்பிழையான விடையை முன்னதாகவே குறிப்பில் எழுதிவைக்க வேண்டும். பலர் விட்டுவிடும் பகுதி இதுவே. 'தவறு, உட்கார்' என்றால் அப்பிள்ளை மறுநாள் வாய் திறவாது. அவ்விடைக்கு எதிரே நாம் செய்யப்போவதை எழுதுக: தரையில் சுண்ணக்கட்டியால் காலக்கோடு வரைந்து, 10 முதல் 12 வரை இரண்டடி, 12 முதல் 6 வரை ஆறடி நடக்கச் செய்தல். நான்கு மணி நேரமெனில் அக்காள் இரவு இரண்டு மணிக்கே வீடு வந்திருப்பாளே என்று பிள்ளையே சொல்லிவிடும்.

துணைக்கருவிகளுக்குப் பொருள் செலவு வேண்டா. கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் எவருக்கும் விட்டுக்கொடுக்கலாகாது. இரவு 9.30 முதல் காலை 5.15 வரை எவ்வளவு என்று ஒரு புது வினா. ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டும். கூட்டமாய்க் கூவும் விடையில் தெரியாதவர் குரல் ஒளிந்துகொள்ளும். 7 மணி 45 நிமிடம் என எழுதாதவர் பெயர்களை ஓரத்தில் குறித்துக்கொள்க. நாளைய பாடம் அவர்களிடமிருந்து தொடங்கும். 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைப்படி பிரித்ததும் இக்கருத்திலேதான்.

இளைஞர்கள் தத்தம் முதற் பாடக்குறிப்பை ஒரு பக்கத்திற்கு மிகாமல் எழுதிக் கொணர்க. ஞாயிறுதோறும் காலையில் உடனமர்ந்து பார்த்துத் தர ஆசிரியர்களாகிய நாங்கள் காத்திருக்கிறோம்.