மூத்தவாப்பாவின் ஹம்பர்





இன்று உங்களோடு ஒரு பழைய சைக்கிளைப் பற்றிப் பேச விழைகின்றேன். மௌலவி ஒருவருக்கு சைக்கிள் கடையில் என்ன வேலை என்று சிலர் புன்னகைக்கலாம். சற்றுப் பொறுமையோடு செவிமடுங்கள்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எரிபொருள் நிலையங்களின் முன்னால் இரவு பகலாக வரிசைகள் நீண்டு கிடந்தன. பாடசாலைகள் வாரக்கணக்கில் மூடப்பட்டன. புதிய சைக்கிள்களின் விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. எனது மோட்டார் சைக்கிள் பெற்றோலின்றித் தாழ்வாரத்தில் நின்றது. பதினொரு வயதான என் மகனோ கைபேசியும் கையுமாக வீட்டுக்குள் இருந்தான். அப்போதுதான், காத்தான்குடியிலுள்ள எமது வீட்டின் பின்கொட்டிலில் பழைய ஓடுகளுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்த என் வாப்பாவின் சைக்கிள் நினைவுக்கு வந்தது.

அது ஒரு ஹம்பர். சைக்கிளின் முன்சில்லைத் தாங்கும் போக்கில் பக்கத்துக்கு ஒரு குழாய் இருப்பதே வழக்கம். ஹம்பரில் பக்கத்துக்கு இரண்டு. ஆக, மெல்லிய நான்கு குழாய்கள். "வாப்பா, இதுக்கு ஏன் நாலு கால்?" என்பதே மகன் கேட்ட முதற்கேள்வி. ஹம்பர் என்பது இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய நிறுவனம். அதன் சைக்கிள் தொழிலை 1932இல் ராலி நிறுவனம் வாங்கிக்கொண்டது. வாங்கிய பின்பும் அந்த நான்கு குழாய் அடையாளத்தை ராலி கைவிடவில்லை. 28 அங்குலச் சில்லுகள், சங்கிலியை முழுவதும் மூடும் தகரப் பெட்டி, தோல் ஆசனம், கேபிளுக்குப் பதிலாக இரும்புத் தண்டுகளால் இழுபடும் பிரேக். அந்தத் தண்டுகள் பிரேக் கட்டைகளை மேல்நோக்கி இழுத்து, றிம்மின் உட்புறத்தில் பதிக்கும். இன்றைய பிள்ளைகளுக்கு அது ஒரு விந்தை.

என் வாப்பா புடவை வியாபாரி. கரியரில் புடவைப் பொதியைக் கட்டிக்கொண்டு, மண்முனைத் துறையில் 'பாதை' எனப்படும் மிதவையில் சைக்கிளோடு ஏறி வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைப் பக்கமாகப் படுவான்கரைக் கிராமங்களுக்குச் சென்று கடனுக்கும் காசுக்கும் விற்றுவருவார். 1990 ஆகஸ்ட் 3இல் எமதூர்ப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டதன் பின்னர் அந்தப் பயணங்கள் நின்றன. எனக்கு அப்போது மூன்று வயது. பின்னாளில் அரபுக் கல்லூரியில் சேர்ப்பதற்கு என்னையும் என் தகரப் பெட்டியையும் அதே கரியரில்தான் ஏற்றிச் சென்றார். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையின் உப்புநீரில் சைக்கிள் மூழ்கியபோது, கிணற்று நீரால் கழுவி எண்ணெய் பூசினார். ஆனால் ஒருநாளேனும் ஒரு ஸ்பனரை என் கையில் தந்ததில்லை. "நீ ஓது, இது எனக்குள்ள வேலை" என்பார். அன்பினால்தான் சொன்னார். எனினும் அவர் மௌத்தானதன் பின், அந்தச் சைக்கிளை என்ன செய்வதென்று தெரியாத ஒருவனாக நான் எஞ்சினேன்.

பெற்றோர்களே, இத்தகைய வேலையைத் தொடங்குவோர் முதலில் வர்ணம் வாங்க ஓடாதீர்கள். மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடையுங்கள். கறளின் கீழே பழைய பொற்கோடுகளும் நிறுவனத்தின் முத்திரையும் இருக்கலாம், எங்களுக்கு இருந்தன. நிக்கல் மினுக்கிய பாகங்களில் கறளைப் போக்க, கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தாலே போதும். எதனையும் கழற்றுமுன் பிள்ளையிடம் சொல்லிப் படம் எடுக்கச் செய்யுங்கள். நான் வெறுத்த அந்தக் கைபேசி அங்கேதான் பயன்பட்டது. எட்டு வயதான என் மகள் சில்லுக் கம்பிகளை எண்ணும் பொறுப்பை ஏற்றாள். முன்னால் 32, பின்னால் 40 என்று வந்தபோது தான் பிழைவிட்டதாக எண்ணி மூன்று முறை எண்ணினாள். பிழையில்லை, அக்கால ஆங்கிலேய சைக்கிள்களில் பாரம் தாங்கும் பின்சில்லுக்குக் கம்பிகள் அதிகம்.

இனி நான் வெட்கத்தோடு சொல்லவேண்டிய பகுதி.

முன்சில்லின் அச்சில் பக்கத்துக்குப் பத்துப் போல்ஸ்கள் உண்டு. கடுகைவிடப் பெரியவை. மகன் கோனைத் திருகிக் கழற்றும்போது அவை முற்றத்து மணலில் கொட்டின. தேடியதில் ஏழுதான் கிடைத்தன. நான் குரலுயர்த்தி, "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டான். மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நேயர்களே, நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள், தான் செய்த ஒன்றைக் குறித்து 'ஏன் செய்தாய்' என்றோ, செய்யாத ஒன்றைக் குறித்து 'ஏன் செய்யவில்லை' என்றோ நபியவர்கள் ஒருமுறையும் கேட்டதில்லை என அறிவித்திருப்பதை மிம்பரில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! மூன்று இரும்பு மணிகள் தவறியபோது அது என் நாவுக்கு எட்டவில்லை.

தனியாக வேலையைத் தொடர்ந்தேன். பெடல் தண்டைப் பிடித்திருக்கும் கொட்டர் பின்னைக் கழற்ற முடியவில்லை. அதனை வெறுமனே சுத்தியலால் அடித்தால் தலை மழுங்கிவிடும். தண்டின் கீழே ஒருவர் மரக்கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு கைகளால் ஆகாத காரியம். அப்போது, கஃபாவைக் கட்டும் பணி பற்றி புகாரியில் வரும் நிகழ்வு நினைவில் எழுந்தது. இப்றாஹீம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் வந்தபோது மகன் இஸ்மாயீல் அலைஹிஸ்ஸலாம் மரநிழலில் அம்பு சீவிக்கொண்டிருந்தார்கள். அல்லாஹ் ஒரு பணியை ஏவியிருக்கிறான் என்று சொன்ன தந்தை, கல்லைத் தூக்கு என்று கட்டளையிடவில்லை. எனக்கு உதவுவாயா என்று கேட்டார்கள். மகன் கல் எடுத்துக் கொடுக்க, தந்தை கட்டினார்கள்.

உள்ளே சென்றேன். "மகன், எனக்கு இது ஏலாம இருக்கு. உதவி செய்வியா?" என்று கேட்டேன். அவன் உடனே எழுந்திருக்கவில்லை. பிறகு, பழுதான வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தோடு முற்றத்துக்கு வந்தான். முதலில் கொட்டர் பின்னைக் கவனிக்கவில்லை. மணலில் காந்தத்தை இழுத்தான். கருமணல் தாடிபோல் ஒட்டிவர, அதற்குள் இரண்டு போல்ஸ்கள் இருந்தன. மூன்றாவது இன்றுவரை அகப்படவில்லை. புதிதாக ஒரு தொகுதியே வாங்கிப்போட்டோம். பழையதோடு புதியதைக் கலந்தால் சுமை ஒரே சீராக விழாது.

பெடல் அச்சின் ஒரு பக்கக் கப் உப்புநீரால் அரிக்கப்பட்டுக் குழி விழுந்திருந்தது. ஒரு திருத்துமிடத்தில் வேறொரு கப்பைச் சுத்தியலால் அடித்து இறுக்க முற்பட்டார்கள். மகன் தடுத்தான். இரண்டு கப்களின் புரிகளையும் ஒன்றோடொன்று வைத்துக் காட்டினான். சீப்பின் பற்கள்போல் பொருந்தவேண்டியவை விலகி நின்றன. ராலி நிறுவனம் அங்குலத்துக்கு 26 புரி வெட்டியது, ஏனையவை 24. அடித்து ஏற்றியிருந்தால் சட்டமே பாழாகியிருக்கும். அக்கரையில் ஒரு முதியவரிடம் பழைய சாமான்கள் இருக்கும் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார்.

அயல்வீட்டாரின் சைக்கிளை இரவல் வாங்கி, மகனைக் கரியரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்பட்ட பிறகு 'பாதை' இல்லை. அதில் நின்றுதான் மூத்தவாப்பா வாவியைக் கடந்தார் என்று காட்டுவதற்கு வெறும் நீர்தான் இருந்தது.

முதியவர் மகனின் கைபேசியிலிருந்த படத்தை நெடுநேரம் பார்த்தார். "இது புடவைக்காரக் காக்காட சைக்கிள் அல்லவா? நாலு கால் போக்கு" என்றார். வாப்பா இறந்துவிட்டதைச் சொன்னேன். பால்மா டின்னொன்றைக் கவிழ்த்து, துணியில் சுற்றியிருந்த ஒரு கப்பை எடுத்தார். விலை கேட்டபோது, "காக்காட்ட ரெண்டு சாரம் கடனுக்கு எடுத்த. குடுக்கக் காலம் விடல்ல" என்றார். அக்கரைக் கடன்கள் எல்லாவற்றையும் வாப்பா ஹலாலாக்கிவிட்டதாக எம்மிடம் சொல்லியிருந்தார் என்றேன். அவர் என்னிடம் தரவில்லை. கப்பை மகனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். திரும்பும் வழியெல்லாம் அவன் அந்தக் கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

இப்போது ஹம்பர் ஓடுகிறது. மழையில் முன்பிரேக் கத்துகிறது. தண்டு பிரேக்கின் குணம் அது, ஈர றிம்மில் சரியாகப் பிடிக்காது, எனவே மழைநாளில் மெதுவாகவே ஓட்டவேண்டும் என்று மகன் எனக்குச் சொல்லித்தருகிறான். ஆசனத்தை இந்த மூன்றாண்டுகளில் நான்கு முறை உயர்த்திவிட்டோம். டைனமோ விளக்கு இன்னும் எரியவில்லை. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அதனைக் கழற்றிப் பார்ப்பதாக இருக்கிறோம்.