முதலிடத்தை விட்டுக்கொடுக்கலாமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடியவன் என்பதால் அதைப்பற்றியே பேசச் சொன்னார்கள். ஆட்டத்தை விட்டுவிட்டு, ஆள் எடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். 2015-இல் பஞ்சாபின் சத்னாம் சிங் 52-ஆவதாகத் தேர்வானார். இந்தியாவில் பிறந்த ஒருவருக்கு அதுவே முதல் முறை.

முன்னால் உள்ள தன் இடத்தை ஓர் அணி இன்னொன்றுக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் உள்ள இடத்தையும், கூடவே வருங்காலத் தேர்வு உரிமை ஒன்றையும் வாங்கிக்கொள்ளலாம். நம்ம ஊர் ஏலச்சீட்டு மாதிரிதான். அவசரக்காரர் தள்ளி எடுப்பார். பொறுத்திருப்பவருக்குக் கழிவு கிடைக்கும். ஆனால் சீட்டில் எல்லா ரூபாயும் ஒரே ரூபாய். ஆட்கள் அப்படியா?

2017-இல் முதலிடம் பாஸ்டனிடம் இருந்தது. அதை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, மூன்றாமிடத்தையும் வருங்கால உரிமை ஒன்றையும் வாங்கியது. ஃபிலடெல்ஃபியா எடுத்த மார்க்கெல் ஃபுல்ட்ஸ், தோள் கோளாறால் முதல் ஆண்டில் 14 ஆட்டங்களே ஆடினார். பாஸ்டன் எடுத்தது ஜேசன் டாட்டம். நடுவில் இருந்த ஒரே அணி லேக்கர்ஸ். அது லான்சோ பாலை எடுத்தது. கூடுதலாக வந்த உரிமை 2019-இல் 14-ஆம் இடமாகத்தான் முடிந்தது. அது பெரிய லாபமில்லை. வேண்டிய ஆள் கிடைத்ததே லாபம்.

அடுத்த ஆண்டே மறுபக்கம். 2018-இல் மூன்றாமிடத்தில் இருந்த அட்லாண்டா, லூகா டோன்சிச்சை டல்லஸுக்குக் கொடுத்துவிட்டு, ஐந்தாமிடத்து ட்ரே யங்கையும் அடுத்த ஆண்டு உரிமையையும் வாங்கியது. யங் சோடையில்லை, 2021-இல் அணியை அரையிறுதிவரை கொண்டுபோனார். ஆனால் டோன்சிச் டல்லஸை 2024 இறுதிப் போட்டிக்கே கொண்டுபோய்விட்டார். அங்கே டல்லஸை 4-1 என்று வென்றது யார் தெரியுமா? டாட்டமின் பாஸ்டன்!

இரண்டு அணிகளும் இறங்கின. இறங்கியபின்னும் தான் விரும்பிய ஆளே கிடைப்பார் என்று பாஸ்டன் கணக்குப் போட்டது. அட்லாண்டாவோ கைக்கு வந்த அபூர்வமான ஆளையே கொடுத்துவிட்டது.

நானும் ஒருமுறை இறங்கியிருக்கிறேன். சென்னையில் நேரில் கலந்தாய்வு நடந்த காலம். திரையில் பெரிய கல்லூரி ஒன்றில் எனக்குப் பிடிக்காத பாடப்பிரிவு; நம் கல்லூரியில் இயந்திரவியல். கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த அப்பா கேட்டார்: "மக்களே, என்ன படிக்கணும்னு நீ பஸ் ஏறினே? அது ஊர்லயே கெடைக்குன்னா பெறவு என்னத்த யோசிக்கது?"

இங்கே வந்தேன். ஒன்றையும் மறைக்க வேண்டாம். கலந்தாய்வில் இறங்குகிறவனுக்கு யாரும் கழிவு தருவதில்லை. அங்கே படித்தவர்களைத் தேடி வந்த கம்பெனிகளை நான் தேடிப் போனேன். வேலை கிடைக்க இரண்டு வருடம் பிந்தியது. ஆனால் விரும்பிய தொழிலில்தான் இன்றும் இருக்கிறேன்.

தம்பி தங்கையரே, வேலையோ மேற்படிப்போ, உங்கள் முறை வரும்போது, வேண்டியது எது என்று முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது கீழே இருந்தால் தயங்காமல் இறங்குங்கள். மேலேதான் இருக்கிறது என்றால், யார் என்ன கூட்டித் தந்தாலும் கொடுக்காதீர்கள்.