வீட்டுக்கு முன் கிணறும் வழியும்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்கான கலந்துரையாடலில் ஆற்றப்பட்ட உரை)



பல வருடங்கள் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்துவிட்டு ஊர் திரும்பும் உங்களிடம், "கொஞ்சம் பொறுத்து அத்திவாரம் வெட்டுங்கள்" என்று சொல்வது எளிதல்ல. இன்னொரு மாரியைத் தறப்பாளுக்குக் கீழே கழிக்க யாருக்கும் விருப்பமில்லை. ஆனாலும் நான் அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். புதிய குடியிருப்புக்குக் காணி பிரிக்கும்போது தண்ணீர், வடிகால், பாதை மூன்றும் முதலில் உறுதியாக வேண்டும். அதன் பிறகுதான் பிரதேச சபை அனுமதி கொடுக்க வேண்டும். நீங்களும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

ஏன் என்று பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித்தான் எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. அந்தக் கல்லில் வெடிப்புகள் அதிகம். மழைத்தண்ணீர் இறங்கும் அதே வழியால் மலக்குழித் தண்ணீரும் இறங்கும். ஆகவேதான் மனிதநேயப் பணிக்கான ஸ்பியர் நியமங்கள், மலக்குழி நிலத்தடி நீர் எடுக்கும் இடத்திலிருந்து 30 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும், குழியின் அடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றராவது மேலே இருக்க வேண்டும் என்கின்றன. வெடிப்புள்ள கல்நிலத்தில் அந்தத் தூரமும் போதாமல் போகலாம்.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச்சஸ், ஏறக்குறைய 253 சதுர மீற்றர். சதுரமான காணியென்றால் ஒரு பக்கம் 16 மீற்றர்தான். ஒரு மூலையில் கிணறும் எதிர்மூலையில் மலசலகூடமும் வைத்தாலும் இடைவெளி 23 மீற்றரைத் தாண்டாது. இரண்டு பரப்பில் உங்கள் குழியை விலக்கி வைக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் வேலியோடு வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? சிறு துண்டுகளாகப் பிரித்த காணியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிக் கிணறு பாதுகாப்பில்லை. பொதுக் கிணறோ குழாய் நீரோ தேவை. அதை வீடுகள் எழும்பிய பிறகு தீர்மானிக்க முடியாது. நில அளவையாளர் கல்லு நடுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். மலக்குழியாலும் தோட்டத்து உரத்தாலும் நைத்திரேற்று கலக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட தண்ணீரில் கரைத்த மாப்பால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. எனவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள்.

அடுத்தது வெள்ளம். 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்த மழையை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நாங்கள் ஊரில் இல்லாத காலத்தில் வாய்க்கால்கள் தூர்ந்துபோயின, மதகுகள் உடைந்தன. மலிவாக வரும் காணி சில வேளை நிரப்பிய வயலாக இருக்கும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை அனுமதியின்றி நிரப்ப முடியாது. காசு கொடுக்க முன் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். முடிந்தால் காணியைக் கார்த்திகையிலும் கிணற்றை ஆவணியிலும் பாருங்கள். வெள்ளம் எங்கே நிற்கும், தண்ணீர் எவ்வளவு வற்றும் என்பதை அந்த மாதங்களே காட்டும். அந்த நேரம் போக முடியாவிட்டால் ஊரில் நிலைத்திருந்த முதியவர்களிடம் கேளுங்கள்.

பாதையும் அப்படித்தான். அம்புலன்சும் தண்ணீர் பவுசரும் உள்ளே வந்து திரும்ப வேண்டும். ஒழுங்கை இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. அளவை வரைபடத்தில் அதன் அகலம் இருக்க வேண்டும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் பிரகடனமான இடங்களில், ஒரு ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 40 பரப்புக்கு மேற்பட்ட காணியைத் துண்டாக்கும்போது, வீதிகள் போக மிகுதியில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும். அது எங்கே என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாம் வந்த பிறகுதான் குடியேறுவோம் என்று இருக்கவும் வேண்டாம். தார் வீதி பிறகு வரலாம், மின்சாரமும் பிறகு வரலாம். குடிதண்ணீர், மலசலகூடத்துக்கான இடம், வெள்ளம் ஓடும் வழி, பாதைக்கான நிலம், கண்ணிவெடி அகற்றப்பட்டதற்கான உறுதி ஆகிய ஐந்தும் பிறகு வர முடியாதவை. கைவிடப்பட்ட கிணற்றில் நீங்களாக இறங்கவும் வேண்டாம். உள்ளே வெடிபொருள் கிடக்கலாம். கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள்.

தனியாகப் போய்க் கேட்டால் "பார்ப்போம்" என்பார்கள். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து, இந்த ஐந்தையும் ஒரு கடிதமாக எழுதிப் பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுங்கள். பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். யார், எப்போது, எந்தப் பணத்தில் செய்வார் என்ற பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். உதவி செய்ய வரும் எங்களைப் போன்ற நிறுவனங்களிடமும் இதையே கேளுங்கள். வீட்டை மட்டும் கட்டித் தந்துவிட்டுப் போக எங்களையும் விடாதீர்கள்.

ஒருமுறை இடம்பெயர்ந்தது உங்கள் விருப்பத்தால் அல்ல. தண்ணீரில்லாமல் இன்னொருமுறை வெளியேற வேண்டிய நிலை வரக்கூடாது.