கரும்பொருள் இல்லாமல் ஒரு கணக்கு
(நூற்றாண்டு விழா உரையின் எழுத்து வடிவம்)



டொக்டரைக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவாள் என்று நினைத்திருப்பீர்கள். அதை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் வாவிக்கரையில் பாய் விரித்துப் படுத்தால் பால்வீதி முழுக்கத் தெரியும். எனக்கு அதைப் பற்றிப் பேசத்தான் ஆசை.

சூரியனுக்குக் கிட்ட இருக்கும் புதன் செக்கனுக்கு 47 கிலோமீற்றர் ஓடுகிறது. தூரத்து நெப்டியூனுக்கு 5 கிலோமீற்றர் சொச்சம்தான். தூரம் கூடக்கூட வேகம் குறையும். ஆனால் 1970இல் வீரா ரூபினும் கென்ற் போர்டும் அன்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தை அளந்தபோது, வெளிப்பகுதியிலும் வேகம் எதிர்பார்த்தபடி விழவில்லை. கண்ணுக்குத் தெரியாத திணிவு ஒன்று இழுத்துப் பிடிக்கிறது என்பது பெரும்பான்மையோரின் விளக்கமாயிற்று. அதுதான் கரும்பொருள்.

1983இல் இஸ்ரேலின் மோர்தெஹாய் மில்குரோம் மறுத்தார். பொருளில் குறையில்லை, விதியில்தான் குறை என்றார். ஆர்முடுகல், பூமியின் மேற்பரப்பில் உள்ளதில் ஏறத்தாழ எட்டாயிரம் கோடியில் ஒரு பங்கைவிடவும் மிகச் சிறிதானால், ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக அல்ல, தூரத்துக்கு நேர்மாறாகவே குறையும். வட்டத்தில் சுற்றுவதற்குத் தேவையான ஆர்முடுகலும் அப்படியே குறைவதால், வேகம் மாறாது நிற்கும். திணிவு 16 மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும். இந்த எளிய கணக்கு பல மண்டலங்களுக்கு அசாதாரணமாகப் பொருந்துகிறது.

இரண்டு வழக்கும் முன்பே நடந்தவைதான். யுரேனஸ் வழி பிசகியபோது காணாத கிரகம் ஒன்றைத் தேடி, 1846இல் நெப்டியூனைக் கண்டார்கள். புதன் பிசகியபோதும் அப்படியே வல்கன் என்று பெயர் வைத்துத் தேடினார்கள். அப்படி ஒன்றும் இருக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டீன் விதியையே மாற்ற வேண்டியிருந்தது.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு பிள்ளையின் ஞாபகம் வந்தது. இரத்தம் குறைவு, செங்குழியங்கள் சிறியவை. இரும்புச்சத்துக் குறைவுதான் என்று ஆறு மாதம் குளிசை கொடுத்தேன். ஏறவில்லை. குடிக்கவில்லையா என்று அவளைத்தான் ஏசினேன். கடைசியில் பார்த்தால் தலசீமியாக் கூறு. அவளிடம் இரும்பு குறையவே இல்லை.

அதற்காக நான் மில்குரோம் கட்சி என்று எண்ண வேண்டாம். மண்டலங்கள் கூடிய பெருங்கொத்துகளில் அவர் விதிக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு பொருள் தேவைப்படுகிறது. மறுபக்கம், கரும்பொருளின் துகள் இன்னும் எந்த ஆய்வுகூடத்திலும் பிடிபடவில்லை. இங்கே உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் தங்கைமார் எழும்பிக் கேள்வி கேட்கலாம். எனக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.